கவலைக்கும் ஒரு வரிசை உண்டு



ஓசூரிலிருந்து மத்திகிரி வழியாகத் தளிக்குப் போகும் சாலையிலே பேளகொண்டப்பள்ளி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் ரோஜாத் தோட்டங்களுக்கும் நடுவே ஒரு விமானத் தளம் உண்டு. 1990-ம் ஆண்டுகளில் இத்தாலி நாட்டாரின் வரைபடத்தின்படி, ஆறு பேர் அமரக்கூடிய, இரட்டை இஞ்சின் பூட்டிய சிறு விமானங்கள் அங்கே செய்யப்பட்டன. பின்னர், பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தார் வகுத்தமைத்த ‘ஹன்சா’ என்னும் இருவர் விமானமும் அங்கே உருவாயிற்று. பறக்கப் படிக்கும் மாணாக்கருக்கென்றே அமைந்த விமானம் அது. ஹன்சா என்றால் அன்னம். பாலையும் தண்ணீரையும் கலந்து வைத்தாலும் பாலைப் பிரித்தெடுக்கும் பறவை என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்களே, அந்த அன்னம்.

விமானத்தில் ஏறி அறியாத நமக்கு விமானியின் பாடம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஆண்டவர் போதித்தபோது செம்படவன் வலையையும், உழவன் விதையையும், வீட்டுக்காரி ஏற்றும் விளக்கையும் எடுத்துக் காட்டினார். அக்கம் பக்கத்துத் தொழிலே அவருக்குப் பாடப் புத்தகமாயிருந்தது. நமக்கு அருகே அன்னம் என்ற பெயரோடு ஒரு சிறு விமானம் உருவாயிருக்க, அதனிடத்தில் நாமும் ஒரு பாடம் கற்றால் தகுமல்லவா? இன்று நாம் கற்க வேண்டியது, கவலையை எந்த இடத்தில் வைப்பது என்பதே.

இந்தப் பக்கத்து மனிதருக்குக் கவலை குறைவா? பாக்டரியில் ஒப்பந்தக் கூலியாய் நிற்பவனுக்கு, அடுத்த தவணை வேலை உண்டோ இல்லையோ என்ற கவலை. அன்றாடம் எல்லை தாண்டிப் பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவனுக்கு, காவிரிச் சச்சரவு மூண்டு பந்த் என்றால் பஸ் ஜூஜூவாடியோடு நின்றுவிடுமே, அத்திப்பள்ளிக்கு நடக்க வேண்டுமே என்ற கவலை. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போட்டவருக்கு விலைக் கவலை. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரருக்குப் பூ உதிர்கிற கவலை. 2024-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, ஓசூருக்கு 2000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் வருமென்று சட்டசபையில் அறிவித்தார்கள். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று சிலருக்கு நம்பிக்கை. நம் கொல்லை போய்விடுமோ என்று வேறு சிலருக்குக் கலக்கம். இவை தவிர வீட்டுக் கடன், வண்டிக் கடன், மகளின் கல்யாணம், மகனின் பரீட்சை, தகப்பனாரின் சர்க்கரை வியாதி! இவற்றை அற்பம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின் 6-ம் அதிகாரத்தில் சேசுநாதர் சுவாமி, உணவைப் பற்றியும் உடையைப் பற்றியும் கவலைப்படாதீர்கள் என்று போதிக்கிறார். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காண்பிக்கிறார். அப்படியானால் உழைக்க வேண்டாம், சேமிக்க வேண்டாம், மருந்து வாங்க வேண்டாம் என்கிறாரா? இல்லவே இல்லை. அக்கறை வேறு, கவலை வேறு. அன்னத்தைப் போல் இரண்டையும் பிரித்தறிய நாம் படிக்க வேண்டும்.

விமானி எப்படிப் பிரிக்கிறான் என்று கவனியுங்கள். புறப்படுமுன் அவன் விமானத்தைச் சுற்றி வருகிறான். கையிலே ஒரு ஜாபிதா. இறக்கையைத் தொட்டுப் பார்க்கிறான், சக்கரத்தைப் பார்க்கிறான், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று கருவி காட்டினாலும், பல சிறு விமானங்களில் தொட்டிக்குள் அளவுகோலை விட்டும் பார்ப்பது வழக்கம். போகவேண்டிய தூரத்துக்கான எண்ணெயோடு, ஆபத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுகிறான். இது அக்கறை. இது கடமை. இதைச் செய்யாமல் “சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்” என்று கிளம்புகிறவன் விசுவாசியல்ல. அவன் ஆண்டவரைச் சோதிக்கிறவன்.

ஆனால் அதே விமானி வேறொன்றையும் பார்க்கிறான்: பாரம். ஹன்சா விமானமும் ஆட்களும் எண்ணெயும் மூட்டையும் எல்லாம் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டக்கூடாது. நாளைக்கு உதவும், மறுநாள் உதவும் என்று கண்டதையெல்லாம் ஏற்றினால் விமானம் தரையை விட்டு எழும்பாது. எழும்பினாலும் மரத்தைத் தாண்டாது. சகோதரரே, நம்மில் அநேகர் இப்படித்தான் தடுமாறுகிறோம். இன்றைய பாரம் நம்மால் தூக்கக்கூடியதே. அதன்மேல் நாளைய பாரத்தையும், வருகிற வருஷத்துப் பாரத்தையும், ஒருநாளும் வராமற்போகக்கூடிய பாரத்தையும் ஏற்றுகிறோம். பிறகு, எழும்ப முடியவில்லையே என்று அழுகிறோம். அந்தந்த நாளுக்கு அதனதன் பாடு போதும் என்று ஆண்டவர் போதித்தது நம்மைச் சோம்பேறியாக்க அல்ல; நம்மை எழும்பச் செய்யவே.

1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, கராச்சியில் வந்து சேர்ந்த தபால்களை ஒற்றை இஞ்சின் விமானத்தில் ஏற்றிக்கொண்டு ஜே.ஆர்.டி. டாட்டா புறப்பட்டார். ஆமதாபாத் வழியாகப் பம்பாய் வரைக்கும் அவர் ஓட்டினார். பம்பாயில் அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் என்ற தோழர் வாங்கிக்கொண்டு, பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். கராச்சி முதல் சென்னை மட்டும் முழு வழியையும் ஒருவரே சுமக்கவில்லை. தமக்கு விதித்த வழியை முடித்தார், மூட்டையை மற்றவர் கையில் கொடுத்தார். தபாலும் சேரவேண்டிய இடம் சேர்ந்தது. பிள்ளைகளின் வாழ்க்கை முழுவதையும் கடைசி மட்டும் நாமே சுமந்து தீரவேண்டும் என்று நினைக்கும் தாய் தகப்பன்மார் இதை யோசிக்கட்டும். நமக்குக் குறித்த தூரத்துக்கு அப்பால், மூட்டையை வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார்.

அடுத்தபடியாக ஒரு துக்கமான செய்தி. இது பெரிய விமானத்தில் நடந்தது. ஆயினும் சிறு விமானம் படிக்கிறவர்களுக்கும் இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1972-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி இரவு, நியூயார்க்கிலிருந்து மியாமி நகரத்துக்குப் போன ஒரு விமானம் இறங்க ஆயத்தமாயிற்று. முன் சக்கரம் இறங்கிவிட்டது என்று காட்டும் சிறிய விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கவில்லையோ, அல்லது பல்புதான் போய்விட்டதோ என்று பார்க்க, விமானத்தை 2000 அடி உயரத்தில் தானியங்கியிடம் விட்டுவிட்டு, விமானிகள் எல்லாரும் அந்த விளக்கின்மேலேயே கண்ணும் கருத்துமானார்கள். இதற்குள் தானியங்கியின் பிடி ஒருவரும் அறியாமல் விட்டுப்போயிற்று. விமானம் மெள்ள மெள்ளத் தாழ்ந்தது. உயரம் காட்டும் கருவி கண் முன்னேதான் இருந்தது. அதைப் பார்க்க ஆள் இல்லை. இருட்டில் சதுப்பு நிலத்தில் விமானம் மோதி, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பல்புதான் எரிந்துபோயிருந்தது.

அந்த விமானிகள் அனுபவமில்லாதவர்களல்ல. கவனக்குறைவு என்றும் சொல்ல முடியாது. அவர்கள் மிகவும் கவனமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பல்பின்மேல். விளக்கு எரியவில்லை என்பது மெய்யான தொந்தரவுதான். அதைப் பார்க்க ஒருவர் போதும். விமானத்தை ஓட்ட ஒருவர் வேண்டாமா?

நம் வீடுகளைப் பாருங்கள். கடன் என்ற ஒரு பல்பு எரியவில்லை. அது மெய்தான். ஆனால் அதையே இரவும் பகலும் பார்த்துக்கொண்டு, மனைவியிடம் நல்ல வார்த்தை பேசுவது நின்றுபோகிறது, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்ததைக் கவனிக்க ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறுகிறது, தூக்கம் கெடுகிறது, சிலருக்குக் குடியும் சேர்கிறது. வீடு மெள்ள மெள்ளத் தாழ்கிறது. கடைசியில் கடன் அடைந்தும் போகலாம். அப்போது வீடு எங்கே இருக்கும்?

அர்ச். இராயப்பர் தண்ணீரின்மேல் நடந்த சங்கதியை நினையுங்கள். ஆண்டவரைப் பார்த்து நடந்த மட்டும் நடந்தார். காற்றைப் பார்த்துப் பயந்தவுடனே அமிழ்ந்தார். காற்று புதிதாக எழும்பியதல்ல. படகில் இருந்தபோதே அடித்த காற்றுதான். மாறியது அவருடைய பார்வை. அப்படி அமிழ்ந்து, ஆண்டவர் கைகொடுத்துத் தூக்கிய இராயப்பரே பிற்காலத்தில் தம்முடைய நிருபத்தில், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் போட்டுவிடுங்கள் என்று நமக்குப் புத்தி சொல்லுகிறார். சொன்னவர் நனைந்தவர்; ஆகையால் நம்பிக் கேட்கலாம்.

இனி, பயந்தவன் கை என்ன செய்யும் என்று பார்ப்போம். விமானம் தாழ்கிறதென்று கண்டால், புதிதாய்ப் படிக்கிற மாணவன் பிடியைத் தன் பக்கமாய் இழுக்கிறான். மூக்கு மேலே தூக்கும். இன்னும் பயந்தால் இன்னும் இழுக்கிறான். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், காற்று அதன்மேல் வழுவழுப்பாய் ஓடாமல் சிதறிப்போகிறது. இறக்கை தூக்குவதை விட்டுவிடுகிறது. இஞ்சின் நன்றாய் ஓடிக்கொண்டிருந்தாலும் விமானம் விழத் தொடங்கும். அப்போது ஆசிரியர் கற்பிப்பது என்ன? இழுக்காதே, பிடியை முன்னே விடு, மூக்கைத் தாழ்த்து என்பதே. மேலே போக விரும்புகிறவனுக்கு இது தலைகீழான புத்தியாகத் தோன்றும். ஆனால் விட்டவுடனே காற்று மறுபடியும் இறக்கையைத் தாங்குகிறது.

நாமும் கவலை மிகுந்தபோது இழுக்கிறோம். மகன் சரியாகப் படிக்கவில்லை என்று இரவும் பகலும் அவனை நெருக்குகிறோம். கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறோம். ஓய்வு நாளையும் கூடுதல் வேலைக்கு விற்றுவிடுகிறோம். எவ்வளவுக்கெவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு தாழ்கிறோம். தலையைத் தாழ்த்தி முழங்காலிலிருக்கும் மனிதன் தோற்றவனல்ல. அவன் மூக்கைத் தாழ்த்தி, தாங்கும் காற்றைத் தேடுகிறவன். ஜெத்சேமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே மனம் கலங்கி, முகங்குப்புற விழுந்து, ஒரே செபத்தை மூன்று முறை செய்தார். கலக்கம் பாவமல்ல. கலக்கத்தில் தகப்பன் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தாரே, அதுவே நமக்கு மாதிரிகை.

ஆனால் மேகத்துக்குள் அகப்பட்டால்? வெளியே வானமும் தெரியாது, பூமியும் தெரியாது. அந்த நேரத்தில் மனிதனுடைய காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அவனை ஏமாற்றுகிறது. சாய்ந்து சுழன்று இறங்கும் விமானம் நேராய்ப் போவதாக அவனுக்குத் தோன்றும். 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து, துணைக்கு ஆசிரியரோடு பறக்கச் செய்தார்கள். இருபது பேரும் விமானத்தின்மேல் ஆளுகையை இழந்தார்கள். அதற்குச் சராசரியாக ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிஷங்கூட இல்லை. பிறகு அவர்களுக்கு ஓர் எளிய முறையைக் கற்பித்தார்கள்: பிடியை இறுக்காதே, உன் உணர்ச்சியை நம்பாதே, கருவியைப் பார், மெள்ளத் திரும்பி வந்த வழியே போ. பழகியபின் அநேகமாய் எல்லாரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

கவலை ஒரு மேகம். அதற்குள் இருக்கும்போது, “சர்வேசுரன் என்னைக் கைவிட்டார், எனக்கு வழியே இல்லை, நான் இருந்து என்ன பிரயோசனம்” என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலை நம்பவேண்டாம்! அது மேகத்துக்குள் காது சொல்லும் பொய். வெளிச்சத்தில் நாம் கற்ற விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், நாள்தோறும் சொல்லும் பரலோக மந்திரம் ஆகிய இவையே நமது கருவிகள். மனதில் உருக்கம் இல்லாவிட்டாலும் செபத்தைச் சொல்லுங்கள். கருவி உங்கள் உணர்ச்சியைக் கேட்டு வேலை செய்வதில்லை. ஆனால் வெயில் நாளிலே பழகாதவன் மேகத்துக்குள் பழகமுடியாது. ஆகையால் கவலையில்லாத காலத்திலேயே குடும்ப செபத்தை வழக்கப்படுத்துங்கள்.

இப்போது முக்கியமான விதிக்கு வருவோம். பறக்கும்போது இடைஞ்சல் நேர்ந்தால் எந்த விமானியும் ஒரு வரிசையைக் கைக்கொள்ள வேண்டும். முதலாவது, விமானத்தை ஓட்டு. இரண்டாவது, வழியைப் பார். மூன்றாவது, தரையில் இருப்பவர்களுக்குச் சொல். இந்த வரிசை மாறக்கூடாது. இஞ்சினே நின்றுபோனாலும் வரிசை இதுதான். இஞ்சின் நின்றால் சிறு விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். விழாது. ஓட்டுகிறவன் நிதானமாயிருந்தால், சாதாரணப் பயிற்சி விமானம் 1000 அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9000 அடி தூரம் மிதந்து போகும். ஒரு நல்ல வயலைத் தேட அவகாசம் உண்டு. விமானத்தை ஓட்டுவதை விட்டுவிட்டுக் கூக்குரலிடுகிறவனுக்கே அவகாசம் இல்லை.

வேலை போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் நின்றது போலத்தான். முதலாவது, ஓட்டுங்கள்: காலை செபம், வீட்டாரோடு ஒன்றாய்ச் சாப்பாடு, பிள்ளைகளிடம் பட்சம், பூசை. முதலில் தேவ இராச்சியத்தைத் தேடுங்கள், மற்றவை சேர்த்துக் கொடுக்கப்படும் என்று ஆண்டவர் அந்த 6-ம் அதிகாரத்தின் முடிவில் போதித்ததும் இந்த வரிசையையே. அவர் மற்றவை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் எது என்று சொன்னார். இரண்டாவது, வழியைப் பாருங்கள்: இன்று செய்யக்கூடியது எது, எந்தச் செலவை நிறுத்தலாம், யாரிடம் வேலை கேட்கலாம் என்று கணக்கிடுங்கள். மூன்றாவது, சொல்லுங்கள். வெட்கத்தினால் மறைக்காதீர்கள். கடனை மனைவிக்கு ஒளிக்கும் புருஷன், தொந்தரவு நேர்ந்ததைத் தரைக்குச் சொல்லாத விமானி. மனைவியிடம் சொல்லுங்கள், பங்குச் சுவாமியாரிடம் சொல்லுங்கள், வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்லுங்கள். தூக்கமில்லாமல் மனம் சோர்ந்து, சாவை நினைக்கும் அளவுக்கு வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், வைத்தியரிடமும் போங்கள். கால் முறிந்தால் வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவல்லவே. மனம் முறிந்தாலும் அப்படியே.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து பார்த்தால் சிப்காட் கொட்டகைகள் தீப்பெட்டிகள். கிருஷ்ணகிரி அணை ஒரு கண்ணாடித் துண்டு. நெடுஞ்சாலையில் நெருக்கியடித்து நிற்கும் லாரிகள் எறும்புச் சாரி. கவலைகளும் அப்படியே மேலிருந்து சிறியவையாகத் தோன்றும். நம்முடைய சொந்தக் கவலையை அப்படிப் பார்ப்பது நல்லது. அயலானுடைய கவலையை அப்படிப் பார்த்தல் நல்லதல்ல. வேலையிழந்து வாசலில் நிற்பவனிடம், “எல்லாம் சின்ன விஷயம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவன் மேலேயே பறந்துகொண்டிருக்கிறான். எந்த விமானமும் இறங்கியாக வேண்டும். சர்வேசுரன் மோட்சத்திலிருந்து நம் துன்பத்தைப் பார்த்து, சின்னது என்று சொல்லவில்லை. இறங்கி வந்தார். தச்சன் வீட்டில் வளர்ந்தார், உழைத்தார், பசித்தார், அழுதார். ஆகையால் இந்த வாரம் உங்கள் கவலையை மேலிருந்து பாருங்கள். உங்கள் அயலானுடைய கவலையை அருகே இறங்கிப் பாருங்கள். ஒரு படி அரிசியோ, வேலைக்கு ஒரு நல்ல வார்த்தையோ, பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருவதோ, எது முடியுமோ அதைச் செய்யுங்கள்.

1920-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, பாப்பானவர் 15-ம் ஆசீர்வாதப்பர், லொரேத்து மாதாவை விமானிகளுக்குப் பாதுகாவலியாக நியமித்தார். நாசரேத்துத் திருவீடு ஆகாய வழியாய் இத்தாலி நாட்டு லொரேத்து ஊருக்கு வந்ததென்பது நெடுங்காலப் பாரம்பரியம். செபமாலை முடிந்ததும் நம் வீடுகளில் சொல்லும் தேவமாதாவின் பிரார்த்தனைக்கும் லொரேத்துப் பிரார்த்தனை என்றே பெயர். ஆகாயத்தில் பறக்கிறவர்களுக்குத் தாயானவள், சாதாரண ஒரு வீட்டின் தாயே. தண்ணீர் எடுத்தாள், அடுப்பு மூட்டினாள், காணாமற்போன மகனை மூன்று நாள் தேடினாள். கவலை அவளுக்குத் தெரியும்.

இன்று இரவு வீட்டார் எல்லாரும் அவள் படத்தின் முன் கூடுங்கள். அவரவர் கவலையில் ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் நாளைக் காலையில் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். செய்ய முடியாததை அவள் திருக்குமாரன் கையில் கொடுத்துவிட்டுப் படுங்கள். விடிந்ததும் முதலில் ஓட்டவேண்டியதை முதலில் ஓட்டுங்கள்.

பிதாவும் சுதனும் இஸ்பிரீத்துசாந்துவும் உங்களையும் உங்கள் வீடுகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.